சூழ்நிலை மாறியிருந்தால்

ஜனவரி 11

அண்ணனுக்கு,

நான் வாயை மூடிக்கொண்டு இருந்தது போதும். ஆறு வருடமாக நானும் உங்களுக்கு எழுதவில்லை, நீங்களும் எனக்கு எழுதவில்லை. யார் முதலில் எழுதுவது என்ற போட்டியில் நான் தோற்றுவிட்டேன் என்று நீங்கள் நினைத்துக்கொள்ளலாம். எனக்கு ஆட்சேபணை இல்லை.

உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது? ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை ஒழுங்காகப் போடுகிறீர்களா? அண்ணியின் முழங்கால் வலி தேவலையா? எனக்குப் போன வருடம் குடலிறக்கத்துக்கு அறுவைச் சிகிச்சை நடந்தது. நீங்கள் வந்து பார்க்கவில்லை. நான் சொல்லி அனுப்பவில்லை என்பது உண்மைதான். அக்கறை இருந்திருந்தால் தகவல் தானாக வந்து சேர்ந்திருக்கும்.

இப்போது எழுதக் காரணம் உங்கள் மகள். கொசு எனக்குக் கடிதம் போட்டிருக்கிறாள். குழந்தையில் காதருகே வந்து ஓயாமல் கேள்வி கேட்டதற்காக நான் வைத்த பெயர் அது. அந்தப் பெயரிலேயே கையெழுத்துப் போட்டிருக்கிறாள். ரயிலில் ஒரு பகலும் ஓர் இரவும் போக வேண்டிய ஊரில் இருக்கிற பெரிய கல்லூரிக்கு, நிலவியல் படிக்க விண்ணப்பித்திருக்கிறாளாம். கட்டண உதவிக்கும் படிவம் போயிருக்கிறதாம். என்னிடம் யோசனை கேட்கட்டுமா என்று உங்களைக் கேட்டாளாம். நீங்கள் சொன்ன பதிலையும் ஓர் எழுத்து விடாமல் எழுதியிருக்கிறாள்.

"உங்க சித்தப்பனையா? அவன்கிட்ட போனா ஃபாரத்துல இருக்கிற கமா வரைக்கும் குத்தம் கண்டுபிடிப்பான்."

குற்றம் இருந்தால் கண்டுபிடிக்கத்தான் வேண்டும். ஓய்வூதிய அலுவலகத் தணிக்கைப் பிரிவில் எனக்கு அதற்குத்தான் சம்பளம். இரண்டு முதுகலைப் பட்டம் வாங்கியவன் ஒருவன் குடும்பத்தில் இருக்க, அவனிடம் காட்டாமல் ஒரு பெண்ணின் எதிர்காலத்தைத் தபாலில் போட உங்களுக்கு எப்படி மனசு வந்தது? அண்ணியின் தங்கை வீட்டு விருந்தில், "இவன்தான் எங்க வீட்டு அறிவாளி. படிச்சது பூரா வாய்க்குப் போயிடுச்சு, கைக்கு ஒண்ணும் வரல" என்று அத்தனை பேர் நடுவில் சொன்னீர்கள். அன்று சிரித்தவர்கள் யார் யார் என்று இன்றும் என்னால் வரிசையாகச் சொல்ல முடியும்.

அது கிடக்கட்டும். அந்த உதவிப் படிவத்தின் நகலை அனுப்புங்கள். சரிபார்த்துத் தருகிறேன்.

அண்ணிக்கு என் வணக்கம்.

இப்படிக்கு,
தம்பி


ஜனவரி 27

தம்பிக்கு,

லெட்டர் கிடைச்சது. உன்னை மாதிரி எழுத எனக்கு வராது, பேசற மாதிரியே எழுதறேன். இங்க எல்லாரும் சௌக்கியம். மாத்திரை போடறேன். உங்க அண்ணிக்கு மாடிப்படி ஏறினா மட்டும்தான் வலி, அதனால ஏறறதே இல்ல.

வயித்துல கத்தி வெச்சாங்கன்னு எனக்கு யாரோ மூணாம் மனுஷன் சொல்லித்தான் தெரிஞ்சுது. கிளம்பி ரயில்வே ஸ்டேஷன் வரைக்கும் வந்தேன். அப்புறம், இவனே சொல்லல, போய் நின்னா "எதுக்கு வந்தீங்க"ன்னு கேப்பானேன்னு திரும்பிட்டேன். இப்ப தையல் போட்ட இடம் இழுக்குதா? கனமா எதையும் தூக்காத.

ஃபாரம் நவம்பர்லயே போயிடுச்சு. என் சம்பளம் என்னவோ அதை எழுதினேன், கம்பெனி சீல் வாங்கினேன், கையெழுத்துப் போட்டேன். கமா எல்லாம் உன்னை மாதிரியே பாத்து பாத்துப் போட்டா உன் கொசு. என் பொண்ணு படிப்புக்கு வழி எனக்குத் தெரியும். நீ மனசைப் போட்டுக் குழப்பிக்காத.

கிடங்குல வேலை ஜாஸ்தி. பெயிண்ட் டின் ஒவ்வொண்ணா எண்ணி இருப்பு எடுத்துக்கிட்டு இருக்கோம். மேல இருந்து ஆள் வந்து உக்காந்திருக்காங்க. அதான் பதில் போட லேட்டு.

விருந்துல சொன்னது ஞாபகம் இல்ல. சொல்லியிருப்பேன். நீ எந்திரிச்சுப் போனது ஞாபகம் இருக்கு.

உடம்பைப் பாத்துக்க.

அண்ணன்


மார்ச் 19

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

கொசு எழுதுவது. நலமாக இருக்கிறீர்களா? மேல்மாடிக்காரர் இன்னும் நாற்காலியை இழுக்கிறாரா? நீங்கள் இன்னும் துடைப்பக் கட்டையால் கூரையைத் தட்டுகிறீர்களா?

கல்லூரி முடிவு வந்துவிட்டது. இடம் கிடைக்கவும் இல்லை, கிடைக்காமலும் இல்லை. காத்திருப்போர் பட்டியலில் வைத்திருக்கிறார்கள். எத்தனையாவது இடம் என்று சொல்ல மாட்டார்களாம். சேருகிறோம் என்று சொன்னவர்களில் சிலர் பின்வாங்கினால் எங்களில் சிலரைக் கூப்பிடுவார்கள். யாரோ ஒருவர் மனசு மாறவேண்டும் என்று நான் தினமும் வேண்டிக்கொள்ள வேண்டும். அது பாவமா சித்தப்பா?

கம்ப்யூட்டர் திரையில் அதைப் படித்தபோது நானும் அம்மாவும்தான் இருந்தோம். அம்மா, "நல்லதா, கெட்டதா? அதை மட்டும் சொல்லு, அழறதா வேண்டாமான்னு நான் முடிவு பண்ணணும்" என்றாள். அப்பா வந்ததும் சொன்னேன். "காத்திருக்கச் சொன்னா காத்திருப்போம். பஸ்ஸுக்குக் காத்திருக்கல? டாக்டருக்குக் காத்திருக்கல? உங்க அம்மா புடவை எடுத்து முடிக்கற வரைக்கும் கடை வாசல்ல நான் காத்திருக்கல?" என்றார். அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதனால் அன்று யாரும் அழவில்லை.

பட்டியலில் இருப்பவர்கள் விரும்பினால் ஒரு கடிதம் எழுதலாமாம், இன்னும் அந்தக் கல்லூரிதான் வேண்டும் என்று. எனக்கு எழுதித் தருவீர்களா? அப்பாவிடம் சொல்லவில்லை. சொன்னால் கமா பற்றிப் பேசுவார்.

வேறு விசேஷம் இல்லை. அப்பா சட்டையில் இப்போதெல்லாம் பெயிண்ட் வாசனை வருவதில்லை. சோப்பு வாசனை வருகிறது. வீடு நன்றாகத்தான் இருக்கிறது, தலைவலி இல்லாமல்.

உங்கள் பதிலுக்குக் காத்திருக்கிறேன். காத்திருப்பதில் இப்போது நல்ல பயிற்சி.

கொசு


மார்ச் 26

கொசுவுக்கு,

ஆசிகள். நான் நலம். மேல்மாடிக்காரர் இப்போது நாற்காலியோடு மேஜையையும் சேர்த்து இழுக்கிறார்.

காத்திருப்போர் பட்டியல் என்றால் என்ன என்பதை எனக்கு விளக்க வேண்டியதில்லை. அதில் நான் வருடக்கணக்காகக் குடியிருக்கிறேன். என் குறிப்புகளைப் பார்த்து எழுதித் தேர்வில் தேறியவர் இன்று எனக்கு அதிகாரி. தினமும் காலையில், "என்ன சார், சௌக்கியமா?" என்று விசாரிக்கிறார். அந்த "சார்" எனக்கு எங்கே குத்தும் என்று தெரிந்தே விசாரிக்கிறார்.

உன் கடிதத்தை எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். அப்படியே பெயர்த்து எழுதி அனுப்பு. முக்கியமான பகுதி இது: "தகுதி உள்ளவர்களை வாசலில் நிறுத்திவைப்பதும், சிபாரிசு உள்ளவர்களை உள்ளே உட்காரவைப்பதும் தேர்வுக் குழுக்களுக்குப் புதிதல்ல. நீண்ட காலமாகப் பொறுமையுடன் காத்திருக்கும் என்னைப் போன்றோரின் மௌனத்தைச் சம்மதம் என்று தாங்கள் எடுத்துக்கொள்ள வேண்டாம். வரலாறு தங்களைக் கவனித்துக்கொண்டிருக்கிறது." இந்த இடத்தில் ஒரு வார்த்தையும் மாற்றாதே.

யாரோ மனசு மாற வேண்டும் என்று நினைப்பது பாவம் இல்லை. அவர்கள் இடத்தில் நீ இருந்தால் உன்னைப் பற்றியும் யாரோ அப்படித்தான் நினைத்துக்கொண்டிருப்பார்கள்.

உன் அப்பாவுக்கு இப்போது கிடங்கில் என்ன வேலை? அதே வேலைதானா? பதிலில் எழுது.

உன் அம்மாவைக் கேட்டதாகச் சொல்.

சித்தப்பா


ஏப்ரல் 14

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

நலம்தானே? இங்கே எல்லாரும் நலம். அம்மா முழங்காலுக்கு ஏதோ தைலம் வாங்கியிருக்கிறாள். வலி போகவில்லை, எறும்பு போய்விட்டது.

முதலில் மன்னிப்பு. உங்கள் கடிதத்தை நான் அனுப்பவில்லை. தோழியிடம் படித்துக் காட்டினேன். அவள், "இது அட்மிஷன் கேக்கிற லெட்டரா, ஆளை வெச்சு அடிக்கப் போறேன்னு சொல்ற லெட்டரா?" என்று கேட்டாள். அதில் இருக்கிற தமிழ் எனக்குப் பிடித்திருந்தது சித்தப்பா, சத்தியமாக. ஆனால் "நீண்ட காலமாகக் காத்திருக்கும்" என்று வருகிறதே, எனக்குப் பட்டியலில் இடம் கிடைத்தே பத்து நாள்தான் ஆகியிருந்தது. அது யாரோ வயசானவர் எழுதியது மாதிரி இருந்தது.

நானே ஒன்று எழுதி அனுப்பினேன். சின்னதுதான். எங்கள் வீட்டுக்குப் பின்னால் சாலை போடக் கொட்டிய ஜல்லியில் பொறுக்கிய ஒரு கல்லைப் பற்றி எழுதினேன். உடைத்துப் பார்த்தால் உள்ளே மூன்று அடுக்கு இருந்தது. நடு அடுக்கு மட்டும் மற்ற இரண்டுக்கும் சம்பந்தமில்லாத நிறம். அது எப்படி அங்கே வந்தது என்று பள்ளியில் யாருக்கும் சொல்லத் தெரியவில்லை, உங்கள் கல்லூரியில் யாருக்காவது தெரிந்திருக்கும் என்று நினைக்கிறேன், தெரியாவிட்டாலும் தேட இடம் இருக்கும் என்று எழுதினேன். அவ்வளவுதான்.

கல் எல்லாம் இப்போது செருப்புப் பெட்டிகளில் இருக்கிறது. "வீடு பூரா கல்லு. திருடன் வந்தா அவனே ரெண்டு வெச்சுட்டுப் போவான்" என்று அம்மா திட்டுகிறாள்.

கோபித்துக்கொள்ளாதீர்கள். கோபித்தாலும் பதில் போடுங்கள்.

கொசு


ஏப்ரல் 22

மதிப்புக்குரிய அண்ணிக்கு,

வணக்கம். முழங்கால் எப்படி இருக்கிறது? தைலத்தை நம்பாமல் டாக்டரைப் பாருங்கள்.

நான் உங்களுக்குத் தனியாக எழுதுவது இதுதான் முதல் தடவை. சுற்றி வளைக்கத் தெரியாது. அண்ணனின் வேலை பற்றிக் கொசுவிடம் ஒரு கேள்வி கேட்டேன். அவள் எழுதிய இரண்டு பக்கத்தில் எறும்புக்குப் பதில் இருக்கிறது, திருடனுக்குப் பதில் இருக்கிறது, என் கேள்விக்கு இல்லை. காகிதங்களைப் படித்தே காலம் தள்ளுகிறவன் நான். எழுதாமல் விட்டதுதான் எனக்கு முதலில் கண்ணில் படும்.

என் அண்ணன் கிடங்குக்குத்தான் போகிறாரா?

கொசு என் கடிதத்தை அனுப்பவில்லை. அதைப் பற்றி எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை என்று அவளிடம் சொல்லுங்கள். இருக்கிறது, ஆனால் இல்லை என்று சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் கொழுந்தன்


மே 2

தம்பிக்கு,

ஆசீர்வாதம். நான் நன்றாக இருக்கிறேன். வேளைக்குச் சாப்பிடுங்கள். தனியாக இருக்கிறவர்கள் ஒரு வேளை சமைத்து மூன்று வேளை சாப்பிடுவார்கள், அது வயிற்றுக்கு ஆகாது.

உங்கள் அண்ணன் தினமும் அதே நேரத்துக்குக் கிளம்புகிறார். நான் சாப்பாட்டு டப்பாவைக் கையில் கொடுக்கிறேன். அதே நேரத்துக்கு வருகிறார். நான் டப்பாவை வாங்கிக் கழுவி வைக்கிறேன்.

வேறு எதுவும் கேட்காதீர்கள் தம்பி. நானும் கேட்கவில்லை.

அண்ணி


மே 21

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

நலமா? எனக்கு இடம் கிடைத்துவிட்டது!

நேற்று மத்தியானம் செய்தி வந்தது. நிலவியல். நான் கத்தினதில் பக்கத்து வீட்டு அக்கா பாம்பு என்று நினைத்துக் கம்போடு வந்துவிட்டாள். அப்பா வந்ததும் சொன்னேன். என் தலையில் கையை வைத்தார். கை ஊறிப்போய் வெள்ளையாக, விரல் நுனியெல்லாம் சுருங்கி இருந்தது. பிறகு, "எவனோ ஒருத்தன் மனசு மாறிட்டான், நல்லா இருக்கட்டும்" என்றார்.

இனிமேல் எழுதப்போவதை யாருக்கும் காட்டாதீர்கள்.

பிப்ரவரியில் கிடங்கை மூடிவிட்டார்கள். அப்பா சொல்லவில்லை. அவரோடு வேலை பார்த்தவரின் மகன் எனக்குச் சொன்னான். அப்பா இப்போது நெடுஞ்சாலைப் பக்கம் ஒரு சர்வீஸ் நிலையத்தில் கார் கழுவுகிறார். நாள் கூலி. ஒருநாள் பஸ்ஸில் போகும்போது பார்த்தேன். முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு, பைப்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். பஸ்ஸில் நான் தலையைக் குனிந்துகொண்டேன், அவர் பார்த்துவிடக் கூடாதே என்று. எனக்கு வெட்கமாக இல்லை சித்தப்பா. அவருக்கு வெட்கமாக இருக்கும் என்றுதான். அம்மாவுக்கும் தெரியும். தெரியும் என்று ஒருவருக்கொருவர் காட்டிக்கொள்ளாமல் மூன்று பேரும் ஒரே வீட்டில் இருக்கிறோம்.

கல்லூரி எனக்குப் பாதிக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்திருக்கிறது. மீதிப் பாதியைக் குடும்பம் கட்ட முடியும் என்று கணக்குப் போட்டிருக்கிறார்கள். அது கிடங்குச் சம்பளக் கணக்கு. நவம்பரில் அப்பா எழுதியது அப்போது உண்மை. இப்போது இல்லை. 'படிவம் அளித்த பின் குடும்பச் சூழ்நிலை மாறியிருந்தால்' என்று ஒரு தனி விண்ணப்பம் இருக்கிறது. அதில் அப்பா வேலை போனதை எழுதிக் கையெழுத்துப் போட்டால் உதவி கூடலாம். கடைசி நாள் ஜூன் இருபது.

அதை அச்செடுத்து அப்பாவின் டீ டம்ளர் பக்கத்தில் வைத்தேன். படித்தார். "எதுக்கு இது?" என்றார். "சும்மாப்பா, எல்லாருக்கும் குடுத்திருக்காங்க" என்றேன். "நமக்கு ஒண்ணும் மாறலையே" என்று சொல்லி, அதை நாலாக மடித்து, ஆடுகிற மேஜைக் காலுக்கு அடியில் வைத்தார். இப்போது மேஜை ஆடவில்லை.

அவருக்குத் தெரியாமல் நானே கல்லூரிக்கு எழுதலாம். பேனாவை எடுக்கும்போதெல்லாம், எங்களுக்காகத் தினம் காலையில் அவர் டப்பாவைத் தூக்கிக்கொண்டு கிளம்புகிறாரே, அதை நான் காட்டிக்கொடுக்கிற மாதிரி இருக்கிறது. என்னால் முடியவில்லை.

உங்களிடம் சொன்னால் ஏதாவது செய்வீர்கள் என்று எழுதவில்லை. யாரிடமாவது சொல்ல வேண்டியிருந்தது.

என் விண்ணப்ப நகலையும் வைத்திருக்கிறேன். கமாவைப் பாருங்கள்.

கொசு


மே 27

அண்ணனுக்கு,

நலம், நலமா என்று கேட்கும் நிலையில் நான் இல்லை. ஆனாலும் கேட்கிறேன். மாத்திரை போடுகிறீர்களா?

கொசுவுக்கு இடம் கிடைத்ததாக அறிந்தேன். மகிழ்ச்சி. அவளது முதல் வருடக் கட்டணத்தின் மீதிப் பாதிக்கு ஒரு காசோலை இணைத்திருக்கிறேன். பெற்றுக்கொள்ளவும்.

இதைப் பெற்றுக்கொள்ளும்போது சில விஷயங்களை நீங்கள் நினைத்துப் பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். முதலாவது, எந்தப் படிப்பைப் பற்றிக் "கைக்கு ஒண்ணும் வரல" என்று விருந்தில் சொன்னீர்களோ, அந்தப் படிப்பு சம்பாதித்த பணம்தான் இது. இரண்டாவது, நான் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த வருடம், ரேடியோவைச் சத்தம் குறைத்து வையுங்கள் என்று நான் எத்தனை முறை கேட்டேன் என்பது உங்களுக்கு நினைவிருக்காது. எனக்கு இருக்கிறது. மூன்றாவது, அப்பா ஆஸ்பத்திரியில் இருந்தபோது டாக்டர் பேசியதை எனக்கு விளக்கிச் சொல்லவிடாமல், "நீ சும்மா இரு, நான் பேசிக்கறேன்" என்று நர்சு முன்னால் என்னைத் தள்ளிவிட்டீர்கள். அந்த டாக்டர் சொன்னதில் பாதி உங்களுக்குப் புரியவில்லை என்பது எனக்கு அன்றே தெரியும். நான்காவது

[இதற்குப் பின் மூன்று பக்கங்கள்.]

இவ்வளவுக்குப் பிறகும் நான் இதை அனுப்புகிறேன் என்பதை மட்டும் கவனிக்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தம்பி


ஜூன் 3

தம்பிக்கு,

இங்க எல்லாரும் நல்லா இருக்கோம். மாத்திரை போடறேன்.

செக்கைத் திருப்பி வெச்சிருக்கேன். கோவத்துல இல்ல. உன் லெட்டரை ரெண்டு தடவை படிச்சேன். நீ அனுப்பினது பணம் இல்லடா, ரசீது. இத்தனை வருஷமா நான் உனக்குப் பண்ணினதுக்கெல்லாம் ரசீது. இதை வாங்கிட்டா என் பொண்ணு ஒவ்வொரு தடவை பரீட்சை எழுதும்போதும் நீ எனக்கு ஒரு லெட்டர் போடுவ.

ரேடியோவைக் குறைச்சுத்தான் வெச்சேன். உனக்குக் காது ஜாஸ்தி.

கட்டணம் நான் பாத்துக்கறேன். கிடங்குல எல்லாரும் உன்னை விசாரிச்சாங்க.

வெயில்ல அலையாத.

அண்ணன்


ஜூன் 7

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

உங்கள் உடம்பு நலமா?

அப்பா உங்கள் கடிதத்தை எங்களுக்குச் சத்தமாகப் படித்துக் காட்டினார். நடுநடுவே, "என்னமா எழுதறான் பாரு" என்று சொல்லிக்கொண்டே படித்தார், பெருமையாகத்தான். அந்த நர்சு இடம் வந்ததும் நிறுத்தி, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு படிக்கவில்லை. மீதியை நான் தனியாகப் படித்தேன். பணத்தைப் பற்றி இரண்டு வரி இருக்கிறது சித்தப்பா. மற்றதெல்லாம் உங்களைப் பற்றி. என்னைப் பற்றி ஒரே ஒரு வரி, மகிழ்ச்சி என்று.

நான் குறையாகச் சொல்லவில்லை. உங்களுக்கு அவ்வளவு இருந்திருக்கிறது, எங்களுக்குத் தெரியவில்லை.

இடம் வேண்டாம் என்று கல்லூரிக்கு எழுதிவிடப்போகிறேன். இருபதாம் தேதிவரை பார்க்கலாம் என்று அம்மா சொல்கிறாள், எதைப் பார்ப்பது என்று அவளுக்கும் தெரியவில்லை. இங்கேயே நடந்து போகிற தூரத்தில் ஒரு கல்லூரியில் வணிகவியல் இருக்கிறது. நான் போகாவிட்டால் பட்டியலில் இருக்கிற வேறு யாரோ ஒருவர் கத்துவார்கள், அவர்கள் பக்கத்து வீட்டிலும் கம்பை எடுத்துக்கொண்டு வருவார்கள். அதை நினைத்தால் கொஞ்சம் பரவாயில்லை.

அப்பாவிடம் "எனக்கு அவ்வளவு தூரம் போகப் பயமா இருக்கு" என்று சொல்லப்போகிறேன். அவர் நம்புவார். நம்பின மாதிரி இருப்பார்.

நீங்கள் வருத்தப்படாதீர்கள். பதில் போடாவிட்டாலும் பரவாயில்லை.

கொசு


ஜூன் 10

பெறுநர்:
கட்டண உதவிப் பிரிவு அலுவலர்

ஐயா / அம்மையீர்,

வணக்கம். உறையின்மேல் குறித்துள்ள விண்ணப்ப எண்ணுக்குரிய மாணவிக்குத் தாங்கள் நிலவியல் பிரிவில் இடமும் பாதிக் கட்டணத் தள்ளுபடியும் அளித்திருக்கிறீர்கள். அந்தக் குடும்பத்தின் வருமானம் பற்றித் தங்களிடம் உள்ள தகவல் இன்றைக்குச் சரியல்ல. அதைத் தெரிவிக்கவே இக்கடிதம்.

இப்படித் தொடங்கும் கடிதங்கள் எப்படி முடியும் என்று எனக்குத் தெரியும். நானும் ஓர் அலுவலகத்தில் இத்தகைய கடிதங்களைப் பிரித்துப் படிக்கும் வேலையில் இருக்கிறேன். இன்னாருக்கு இரண்டு வீடு இருக்கிறது, மறைக்கிறார். இன்னாரின் மனைவிக்கு வருமானம் இருக்கிறது, மறைக்கிறார் என்றுதான் எல்லாம் வரும். ஒருவர் தம்மிடம் இல்லாததை இருப்பதாகக் காட்டிக்கொண்டிருக்கிறார் என்று இதுவரை எனக்கு ஒரு மொட்டைக் கடிதமும் வந்ததில்லை. இது அப்படிப்பட்டது.

மாணவியின் தந்தை நவம்பரில் எழுதிக் கொடுத்தது முழு உண்மை. அவர் அப்போது ஒரு பெயிண்ட் கிடங்கில் மேற்பார்வையாளர். பிப்ரவரியில் கிடங்கு மூடப்பட்டது. அதன் தலைமை அலுவலக முகவரி அவர் அளித்த சான்றிதழிலேயே இருக்கிறது. ஒரு கேள்வி கேட்டால் பதில் வந்துவிடும். இப்போது அவர் நாள் கூலிக்கு வண்டி கழுவுகிறார். இதை அவர் தம் வீட்டில் சொல்லவில்லை. வீட்டில் எல்லாருக்கும் தெரியும். தங்கள் 'சூழ்நிலை மாறியிருந்தால்' விண்ணப்பம் அவர் கைக்குப் போனது. அவர் அதில் கையெழுத்திடவில்லை, இனியும் தாமாக இடமாட்டார்.

தாங்கள் அவரிடம் நேரடியாகக் கேட்க வேண்டும். புகார் வந்தது என்று சொல்லாதீர்கள். உதவி பெறும் எல்லாரிடமும் கடைசி மூன்று மாதச் சம்பளச் சான்று கேட்கிறோம் என்று ஒரு வரி எழுதினால் போதும். வீட்டாரிடம் அவர் எதை வேண்டுமானாலும் மறைப்பார். அலுவலகம் எழுத்தில் கேட்டால் மறைக்கமாட்டார். இருப்பில் ஒரு டின் குறைந்தாலும் குறைந்தது என்று எழுதி, அதற்காகத் திட்டு வாங்கிய மனிதர். தமக்கு வேண்டும் என்று கேட்கத்தான் அவருக்கு வராது. கேட்டதற்குப் பதில் சொல்ல வரும்.

அவர்மீது உள்ள பிரியத்தால் நான் மிகைப்படுத்துவதாகத் தாங்கள் சந்தேகிக்க வேண்டாம். அவர்மீது எனக்கு வருத்தங்கள் உண்டு. அவற்றில் ஒன்றும் இன்றுவரை குறையவில்லை. தகவலின் நம்பகத்தன்மைக்காக இதைச் சொல்கிறேன்.

மாணவியைப் பற்றி: அவள் தங்களுக்கு ஒரு கல்லைப் பற்றி எழுதியிருந்தாள். அதற்கு மாற்றாக வேறொரு கடிதத்தை அவளுக்கு எழுதிக் கொடுத்தவர்கள் இருந்தார்கள். அவள் அதை ஒதுக்கிவிட்டுத் தன்னுடையதை அனுப்பினாள். தங்கள் குழு சரியான கடிதத்தைப் படித்திருக்கிறது. இன்னும் சில நாளில், தூரமாகப் போகப் பயமாக இருக்கிறது என்று காரணம் சொல்லி, இடம் வேண்டாம் என்று அவள் எழுதக்கூடும். அவளுக்குப் பயம் கிடையாது. குழந்தையிலிருந்தே கிடையாது. அந்தக் கடிதம் வந்தால், சம்பளச் சான்று வரும்வரை அதைத் தங்கள் மேஜையில் வைத்திருங்கள்.

கையெழுத்தில்லாத மனுவின்மேல் நடவடிக்கை வேண்டியதில்லை என்று எங்கள் அலுவலகத்தில் விதி இருக்கிறது. தங்களிடமும் இருக்கும். ஆனால் சரிபார்க்கக்கூடிய தகவல் இருந்தால் சரிபார்க்கலாம் என்று அதே விதியின் கடைசி வரி சொல்லும். பெரும்பாலானவர்கள் கடைசி வரிவரை படிப்பதில்லை. தாங்கள் படிக்க வேண்டும்.

இதன் அடியில் பெயரைப் போடத்தான் நினைத்திருந்தேன். பெயரை எழுதினால் அவர்களுக்கு நான் என்ன உறவு என்று எழுத வேண்டும். உறவை எழுதினால் அவரிடமே நேரில் ஏன் சொல்லவில்லை என்பதை எழுத வேண்டும். அதை எழுத ஆரம்பித்தால் எனக்கு நிறுத்தத் தெரியாது. நர்சு வருவார், ரேடியோ வரும், விருந்து வரும். இக்கடிதம் அந்தப் பெண்ணைப் பற்றியதாக இல்லாமல் போய்விடும். பேனாவை மூடிவிட்டேன். கையெழுத்து இல்லாமலே இன்று மத்தியானத் தபாலில் சேர்க்கிறேன்.